நடு வட்டத்துக் கல்

நீக்கிலாப்பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே அரை மூடை சீமெந்து இருந்த விஷயம் யாழ்ப்பாணத்துக் குருநகரில் தெரியாதவர் கிடையாது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. மீன்காரி அற்புதராணி ஒருநாள் அவருடைய வீட்டுக்குள் ஓடிய தன் கோழியைத் துரத்திக்கொண்டு போனாள். கோழியைப் பிடித்தாளோ இல்லையோ, சீமெந்தைக் கண்டுவிட்டாள். பொழுதுபடுவதற்குள் சேதி ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், அரை மூடை மூன்று மூடையாகித் திரும்பி வந்தது.

அந்த நாட்களில் சீமெந்து என்றால் அப்படித்தான். ஊருக்குள் வரக்கூடாதென்று தடுக்கப்பட்ட சாமான்களில் அதுவும் ஒன்று. செல்குண்டு விழுந்து உடைந்த வீடுகள் வருஷக்கணக்காக உடைந்தபடியே கிடந்தன. தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்தபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் வந்தது. அதில்தான் நீக்கிலாப்பிள்ளை யாரையோ பிடித்து அந்த அரை மூடையை வாங்கியிருந்தார். இடிந்த கிணற்றுக்கட்டைப் பூசுவதற்காம். ஆனால் பூசவில்லை. ஈரம் படாமல் பொலித்தீன் பைகளுக்குள் கட்டிவைத்துவிட்டு, குளிக்கப் போகும்போதெல்லாம் இடிந்த பக்கத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்று கிணற்றுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பூங்கா வேலையின் செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை ஊர் கொடுத்தது. வேறு யாரிடம் கொடுப்பது? பூசை முடிந்ததும் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கி, உருக்கி, அடுத்த ஞாயிறுக்குப் புதுத் திரி வார்ப்பவர் அவர். அவர் வார்த்த திரிகள் நற்கருணை நேரத்தில் படபடவென்று வெடிக்கும் என்பது வேறு கதை.

கடற்கரைப் பக்கமிருந்த நகரப் பூங்காவில் அப்போது ஆடுகள் மட்டுமே விளையாடின. பதுங்குகுழிகளை மூடி, முட்பற்றையை வெட்டி, ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கரப்பந்துத் திடலும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வலைப்பந்துத் திடலும் அமைக்கலாம் என்று பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். மாநகர சபை நிலத்தைக் கொடுத்தது. அதற்கு மேல் கொடுக்க அதனிடமும் ஒன்றும் இருக்கவில்லை. வள்ளக்காரர் ஒவ்வொருவரும் ஒருநாள் பாடு விட்டார்கள். அதாவது அன்று பட்ட மீன் முழுவதும் திடலுக்கு. யார் யார் மீன் குறைவாகப் படும் நாளாகப் பார்த்து விட்டார்கள் என்பது அற்புதராணிக்கு மனப்பாடம்.

கரப்பந்துத் திடலை நீக்கிலாப்பிள்ளை ஏறக்குறையக் காற்றிலிருந்தே கட்டி முடித்தார். கம்பங்கள் இரண்டும் உடைந்த வள்ளங்களின் பாய்மரங்கள். வலை, கடலில் கிழிந்த வலை. கோடுகளுக்கு வள்ளத்துக் கயிற்றை இழுத்து முளை அடித்தார்கள். நிலத்துக்குப் புற்றுமண் போட்டு, உப்புத்தண்ணீர் தெளித்து, எண்ணெய்ப் பீப்பாய்க்குள் மண் நிரப்பி உருட்டி இறுக்கினார்கள். எல்லாம் முடிந்தபோது கையில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. நீக்கிலாப்பிள்ளை ஒரு கிழமைக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். சுவாமியே அவரைக் கண்டு சற்று ஒதுங்கினார் என்று கேள்வி.

வலைப்பந்துத் திடலில்தான் சிக்கல் வந்தது. பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த ஸ்ரெல்லா ரீச்சர் கயிறு வேண்டாம் என்றாள்.

"நீக்கிலண்ணை, இவை குறுக்கும் மறுக்கும் ஓடுறவை. கயிறு தடக்கி விழுந்தால் பல்லுத்தான் போகும்."

"அப்ப சுண்ணாம்பு?"

"சுண்ணாம்பு நல்லது. ஆனால் கிழமைக்குக் கிழமை போட வேணும்."

கிழமைக்குக் கிழமை, அதாவது வாராவாரம், என்ற சொல் நீக்கிலாப்பிள்ளையின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒரு தடவைச் செலவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவார். திரும்பத் திரும்ப வருகிற செலவு அவருக்குச் சயரோகம். அன்று சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

மறுநாள் கடற்கரையோரம் உடைந்துகிடந்த வீடுகளைப் பார்த்தபடி நடந்தபோது அவருக்கு வழி தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் படிக்கல்லும் நிலக்கல்லும் சும்மா கிடந்தன. அவற்றைக் கோடாக அடுக்கி, நிலத்தோடு நிலமாகப் பதித்துவிட்டால் மழை வந்தாலும் அழியாது. காசும் இல்லை, கிழமையும் இல்லை. கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். வீட்டுக்கு ஒரு கல்.

கல்லைப் பெயர்த்துத் தர ஒருவருக்கும் மனம் வரவில்லை. உடைந்த வீடென்றாலும் வீடு. பிறகு அற்புதராணி எழும்பினாள்.

"கல்லுத் தாறம். தந்தது நாங்களெண்டு நாளைக்கு ஆருக்குத் தெரியும்? கோயில் ரியூப் லைற்றிலையும் பேர் இருக்கு. காத்தாடியின்ரை செட்டையிலையும் பேர் இருக்கு. எங்கடை கல்லு மட்டும் பேரில்லாமல் கிடக்கிறதோ?"

அதுவும் நியாயந்தான். அந்தக் கோயிலில் உபயகாரரின் பெயர் எழுதாத சாமானென்று சுவாமியின் செருப்பைத்தான் சொல்லலாம். ரியூப் லைற்றுகளில் உபயம் எழுதிய இடம் போக மிஞ்சிய இடத்தால்தான் வெளிச்சம் வரும். பெயருக்குச் செலவில்லை என்பதால் நீக்கிலாப்பிள்ளை உடனே சம்மதித்தார்.

பெயர் வெட்டச் செபமாலை மேசன் வந்தார். சேமக்காலையில், அதுதான் கோயில் மயானத்தில், கல்லறைகளுக்குப் பெயர் வெட்டுகிறவர் அவரே. கூலி கேட்கவில்லை, கறிக்கு மீன் போதும் என்றார். நீக்கிலாப்பிள்ளைக்கு அந்த மேசனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

கற்கள் வந்தன. தலையில் வந்தன, சைக்கிளில் வந்தன, தள்ளுவண்டியில் வந்தன. தேவைக்கு மேலே வந்தன. சனம் தங்கள் தங்கள் பெயரை வெட்டித் தரக் கேட்கும் என்று நீக்கிலாப்பிள்ளை நினைத்திருந்தார். அற்புதராணி, தன் பெயரை ஊரெல்லாம் கேட்கக் கத்தி விற்கிறவள், மேசனுக்கு முன்னால் குந்தியிருந்து மெல்லச் சொன்னாள்: "சவிரிமுத்து எண்டு போடுங்கோ." அது செல்லடியில் போன அவளுடைய புருஷன். அவளுக்குப் பின்னால் வந்தவள் மகளின் பெயரைச் சொன்னாள். அதற்குப் பின்னால் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கல்லில் இடம் வருமா என்று கேட்டாள். மேசன் தலையை நிமிர்த்தாமல் வெட்டிக்கொண்டேயிருந்தார். அவருடைய கை பழகிய கை. கல்லைக் கண்டால் முதலில் மேலே ஒரு சிலுவையைக் கீறும், பிறகுதான் பெயருக்கு இறங்கும். அப்படிக் கீறும்படி யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒருத்தி சொன்னாள். நீக்கிலாப்பிள்ளையின் தங்கை இராசாத்தி.

இராசாத்தி புருஷனைப் பறிகொடுத்தவள். ஒரே மகன் லியோன் ஐந்து வருஷத்துக்கு முன்பு இன்னும் இரண்டு பேரோடு கடற்றொழிலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. மற்ற இரண்டு வீட்டாரும் ஒரு வருஷம் பொறுத்திருந்து செத்தவர்களுக்கான இளைப்பாற்றிப் பூசை வைத்துவிட்டார்கள். இராசாத்தி வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மரித்த ஆத்துமாக்களின் நாளில், செத்தவர்களின் பெயரைச் சுவாமி வாசிக்கும்போது, முன்வாங்கில் போய் இருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். லியோனின் பெயர் வரவில்லை என்று கண்ட பிறகுதான் எழும்பி வீட்டுக்கு வருவாள். மகன் பிறந்த நாளுக்கு, உயிரோடிருப்பவர்களின் நலத்துக்கு வைக்கும் சுகப்பூசை கொடுப்பாள். அவனை இராமேஸ்வரத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார், தெற்கே ஒரு சிறைச்சாலையில் மறியலில் இருக்கக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அவள் இருவரையும் நம்பினாள். அவளுக்குத் தலையில் கொஞ்சம் தட்டிவிட்டது என்று ஊர் சொன்னது. அதையும் அவளுக்குக் கேட்கத்தான் சொன்னது.

வீடு உடைந்த பிறகு அவள் அண்ணனின் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். அவளுடைய பழைய வீட்டு விறாந்தை, லியோனின் முதல் உழைப்பில் போட்ட சிவப்புச் சீமெந்து நிலம். அதில் ஒரு பெரிய துண்டு வெடிப்பு விழாமல் கிடந்தது. அதை ஆள் பிடித்துத் தூக்குவித்துக் கொண்டுவந்தாள்.

"அண்ணை, பேர் மட்டும் போடச் சொல்லுங்கோ. லியோன் எண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம்."

"சிலுவை வேண்டாம். அவன் தந்த கல்லு இது. செத்த ஆளின்ரை கல்லில்லை."

"ஓம் எண்டு சொன்னனான்தானே, பிள்ளை."

அவர் மேசனிடம் போனபோது சிலுவை வெட்டியாகிவிட்டது. பெயரின் பாதியும் இறங்கியிருந்தது. செபமாலை மேசன் உளியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, கை தானாய்ப் போட்டுது. வேறை துண்டு கொண்டு வாங்கோ, வெட்டித் தாறன்" என்றார். வேறு சிவப்புத் துண்டு கிடையாது. பார்க்கப்போனால், ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்திருக்கலாம். நீக்கிலாப்பிள்ளை அந்தச் சிலுவையைப் பார்த்தார். மருமகன் இல்லையென்று அவர் மனத்தில் முடிவாகி நாலு வருஷம். தங்கை படும் பாட்டை ஒவ்வொரு நாளும் சுவருக்கு இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டு படுப்பவர் அவர். இது தானாக வந்தது, அவளும் தானாகவே தெரிந்துகொள்ளட்டும், அழுது தீர்க்கட்டும் என்று நினைத்தார். கடினமான ஒரு வேலையை இன்னொருவரின் உளி இனாமாகச் செய்து தந்திருந்தது. இனாமாக வந்த எதையும் அவர் வாழ்நாளில் மறுத்ததில்லை.

"கிடக்கட்டும்" என்றார்.

நடு வட்டம் தூரத்துக்கும் தெரிய வேண்டும் என்று ஸ்ரெல்லா ரீச்சர் சொல்லியிருந்தாள். அந்தச் சிவப்புக் கல்லை வட்டமாகக் கொத்தி நடுவில் பதித்து, திறப்பு விழாவரைக்கும் என்று தென்னோலைக் கிடுகால் மூடினார்கள். தமையன் தங்கைக்கு நடு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்று நாலு வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. இராசாத்தி கேட்டு, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்த கையோடு திறப்பு விழா. சனமெல்லாம் திடலைச் சுற்றி நின்றது. பீப்பாயின் இரும்புப் பட்டியில் செய்த, பந்து போடும் வளையங்கள் இரண்டும் பாய்மரக் கம்பங்களில் மினுங்கின. சுவாமி தீர்த்தம் தெளித்தார். ஸ்ரெல்லா ரீச்சர் விசிலை ஊதினாள். பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

ஓடிவந்தவர்கள் கோட்டுக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டார்கள்.

முதலாவது பிள்ளை குனிந்து கல்லைத் தொட்டு, விரலை முத்தமிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, தாண்டிக் குதித்தாள். இரண்டாமவளும் அப்படியே. மூன்றாமவளுடைய கோட்டில் அவளுடைய தகப்பன் இருந்தார். அவள் முழங்காலில் நின்றுவிட்டாள். திடலுக்குள் அடுத்த கோடு வந்தது, மறுபடி குனிதல், முத்துதல், தாண்டுதல். பந்து ஒரு பக்கம் உருண்டு போனது. எடுக்கப் போனவள் நாலு பேரைத் தாண்ட வேண்டியிருந்தது. ஆண்பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். பிறகு தங்கள் வீட்டுப் பெயர்களும் அங்கே கிடப்பதை நினைத்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. செலவில்லாமல் ஒரு திடல் கட்டப் போய், செலவில்லாமல் இன்னொரு சேமக்காலையைக் கட்டிவிட்டார்கள்.

நடுவில் பந்தோடு நிற்க வேண்டியவள் அற்புதராணியின் மகள் றோஸ். நடு வட்டத்துக்குள் கால் வைக்காமல் ஆட்டம் தொடங்காது. கிடுகை இழுத்துப் போட்டாள். பார்த்தாள். தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள்.

"மாமி," என்று கூப்பிட்டாள். இராசாத்தியைத்தான்.

இராசாத்தி கோடுகளைத் தாண்டி நடுவுக்கு வந்தாள். கல்லைப் பார்த்தாள். குனிந்து சிலுவையைக் கையால் துடைத்தாள், மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தவள்போல. அது போகவில்லை. நிமிர்ந்து, சனத்துக்குள் தமையனைத் தேடிப் பிடித்தாள்.

"அண்ணை, உங்களுக்கு ஆர் சொன்னது?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. அவன் செத்துப்போனானென்று உங்களுக்கு ஆர் சொன்னது? நீக்கிலாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. கடலும் சொல்லவில்லை. காலம் போய்க்கொண்டிருந்ததால் அவராகவே கணக்கை மூடிவிட்டார், அவ்வளவுதான்.

இராசாத்தி சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே, சிலுவையை மறைத்து, இருந்துவிட்டாள்.

சுவாமி கூப்பிட்டுப் பார்த்தார். ரீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். அவள் எழும்பவில்லை. பெண்பிள்ளைகள் ஓரத்தில் குந்திக்கொண்டார்கள். பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். கல்லுகளைக் கிளப்பிக் கொண்டுபோய்க் கோயில் முற்றத்தில் வைப்போம் என்றார் ஒருவர். கிளப்பினால் கோட்டுக்கு எங்கே போவது என்றார் இன்னொருவர். எல்லாரும் நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தார்கள். செலவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாததுதான் அன்று எல்லாரையும் பயமுறுத்தியது.

கடைசியில் அற்புதராணிதான் கடப்பாரையை எடுத்தாள். நேரே தன் புருஷனின் கல்லடிக்குப் போனாள்.

"இந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கையே மத்தியான வெய்யில் தாங்காது. குப்புறப் படுத்துத்தான் நித்திரை. அப்பிடியே கிடக்கட்டும். பிள்ளையள் முதுகிலை மிதிச்சால் உளைவு நோவுக்கும் நல்லது."

சொல்லிக்கொண்டே கல்லைப் புரட்டினாள். பெயர் மண்ணைப் பார்த்தது. வெறும் முதுகு மேலே வந்தது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றவனை ஏசினாள்: "என்னடா பார்க்கிறாய்? உன்ரை அப்பரையும் புரட்டு."

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்து தங்கள் தங்கள் கல்லைத் தாங்களே புரட்டினார்கள். புரட்ட முன்னம் ஒருதரம் பெயரைத் தடவினார்கள். இரண்டு பிள்ளைகளின் பெயரை ஒரே கல்லில் வெட்டுவித்தவள் மட்டும், யாரும் உதவிக்கு வரக்கூடாதென்று கையைக் காட்டிவிட்டு, தனியாகவே நெம்பிப் புரட்டினாள். வெய்யில் ஏறிவிட்டது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

எல்லாக் கல்லும் கவிழ்ந்த பிறகு நடுக்கல் ஒன்றுதான் மிச்சம். நீக்கிலாப்பிள்ளை தங்கைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எழும்பு பிள்ளை. இதையும் புரட்டுவம்."

"மாட்டன். மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது செத்த ஆக்கள். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"போட்ட நீங்கள் எடுங்கோ."

செபமாலை மேசன் உளியும் சுத்தியலுமாக ஓடிவந்தார். நீக்கிலாப்பிள்ளை அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, மேசனை விலகச் சொன்னார். இராசாத்தி எழும்பி ஓரமாக நின்றாள். அவர் அந்த மண்ணில் முழங்காலில் நின்று கொத்தத் தொடங்கினார்.

அவருக்கு அந்த வேலை தெரியாது. உளி வழுக்கியது. இரண்டு தரம் விரலில் அடித்துக்கொண்டார். சிவப்புத் துகள் பறந்து வெள்ளை வேட்டியில் படிந்தது. அதில் எது சீமெந்து, எது இரத்தம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. சிலுவையின் ஒரு கை போனது. மற்றக் கை போனது. அவருடைய உதடு அசைந்துகொண்டேயிருந்தது. செபம் சொல்கிறார் என்று சனத்தில் ஒரு பகுதி சொன்னது. பக்கத்தில் நின்ற றோஸ், அவர் "வருவான், வருவான்" என்று சொன்னார் என்றாள். நாலு வருஷமாக அவர் சொல்லாமல் மிச்சம் பிடித்த சொல் அது.

சிலுவை இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஒரு பள்ளம் விழுந்தது. அதற்குக் கீழே லியோன்.

இராசாத்தி குனிந்து துகளை ஊதினாள். பிறகு றோஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"ஏறி நில்லு பிள்ளை."

"மாமி, பேரிலை கால் வைக்கிறதோ?"

"வை. கும்பிடாதை, முத்தாதை, சிலுவையும் போடாதை. உயிரோடை இருக்கிறவன்ரை பேருக்கு ஆரும் சிலுவை போடுறேல்லை. மிதிச்சது அவனுக்குக் குறையெண்டால் வந்து உன்னட்டைக் கேக்கட்டும்."

றோஸ் ஏறி நின்றாள். விசில் ஊதியது. பந்து கை மாறியது. பிள்ளைகள் கவிழ்ந்த கற்களின் மேல் முதலில் பயந்து பயந்தும் பிறகு மறந்தும் ஓடினார்கள். ஒவ்வொரு தரமும் ஆட்டம் நடுவுக்கு வந்து, அந்தச் சிவப்புக் கல்லிலிருந்தே திரும்பத் தொடங்கியது. இராசாத்தி கடைசிவரை நின்று பார்த்தாள். யார் வென்றது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சித்திரையில் மறுபடி சண்டை தொடங்கியது. ஐப்பசி முடிய, இராணுவம் நெருங்கிவர, ஊரே ஓர் இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. குருநகர்ச் சனம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோதே மரித்த ஆத்துமாக்களின் நாள் வந்துவிட்டது. சுவாமி ஒரு மாமரத்தின் கீழே பூசை வைத்தார். வாசிக்கிறதற்குப் பெயர்களைச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு வீட்டாரையும் கேட்டார். அற்புதராணி சவிரிமுத்து என்றாள். நீக்கிலாப்பிள்ளையின் முறை வந்தது. தாய் தகப்பன் பெயரைச் சொன்னார். மச்சானின், அதாவது இராசாத்தியின் புருஷனின், பெயரைச் சொன்னார். பிறகு நிறுத்தினார்.

"இன்னும் ஆரும்?" என்றார் சுவாமி. பழைய ஊர்க்கதையெல்லாம் மூட்டையோடு கொண்டுவந்த சனம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. இராசாத்தி முன்னால் வெறுந்தரையில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"இவ்வளவுதான் சுவாமி."

பூசை முடிந்த பிறகு இராசாத்தி தமையனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். பின்னால் அற்புதராணி சோற்றுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைக்கிற சத்தம் அப்போது நின்றது. அண்ணனும் தங்கையும் கதைத்ததை அவள் கேட்டிராவிட்டால் மிச்சம் யாருக்கும் தெரிந்திராது.

"அண்ணை, அந்தக் கல்லுத் தப்புமோ?"

"தப்பும்."

"மற்றதெல்லாம் போன மழைக்கு ஆடத் தொடங்கிட்டுது. ரீச்சர் சொன்னவ."

"அது மண்ணிலை வைச்சது. இதை நான் பிறகு கிளப்பி, அடியிலை சீமெந்து போட்டு இறுக்கினனான்."

இராசாத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனிடம் இருந்த சீமெந்து எவ்வளவு, அது எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

"அப்ப கிணறு?"

நீக்கிலாப்பிள்ளை மாமரத்துக்கு அப்பால், ஊர் இருந்த திசையில் பார்த்தார். அங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்றார்.